அறிவினாவும் அறியாவினாவும்: ஆசிரியர் ஏறிய அரங்குகள்

வினவுதல் ஆசிரியர்க்கு உரிய தொழில். விடையிறுத்தல் மாணாக்கர்க்கு உரிய கடன். இம்முறை தலைமாறி, ஆசிரியர் பலர் ஓரரங்கில் ஏறி, முன்பின் அறியாதார் தொடுக்கும் வினாக்களுக்கு விரைந்து விடை கூறித் தம்முள் வென்றார் தோற்றார் எனப் பெயர் பெறும் வழக்கம் ஒன்று தொலைக்காட்சியால் தோன்றியுள்ளது. அமெரிக்க நாட்டில் 2011ஆம் ஆண்டு ஆசிரியர்க்கெனத் தனித் தொடர்போட்டியே வகுக்கப்பட்டது. நம் நாட்டிலும் பள்ளி ஆசிரியைகள் இத்தகைய அரங்கில் ஏறி ஒரு கோடி உருபா பரிசில் பெற்றுள்ளனர். பொழுதுபோக்கு எனக் கருதப்படும் ஒன்றை ஆராய்ச்சி இதழில் எடுத்து ஆராய்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். வினா இத்துணை வகைத்து, விடை இத்துணை வகைத்து என வரையறுத்து இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. அவ்விலக்கணத்தைக் கைக்கொண்டு இப்புதிய அரங்கை அளந்து காணுதல் தமிழாசிரியர்க்குப் புறம்பான பணி அன்று என்பது எம் துணிபு.

ஆசிரியர் தம்முள் பொருது நிற்கும் காட்சி தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வகைப்படுத்திக் கூறுங்கால், தெய்வக் கொடியும் கள்விலைக் கொடியும் நாவாய்க் கொடியும் பறக்கும் அந்நகரில், பல கேள்வித்துறைகளிலும் முற்றப் பயின்ற நல்லாசிரியர் சொற்போர் கருதி உயர்த்திய கொடியும் பறந்தது என்கின்றார். கொடி உயர்த்துதல் அழைப்பின் அடையாளம். வல்லார் எவரும் வந்து எதிர் நிற்கலாம் என்பது அதன் பொருள். அக்கொடிக்கு அவர் தரும் அடை அச்சம் விளைவிக்கும் தன்மையைச் சுட்டுவது. கல்விக் களத்தையும் போர்க்களத்தையும் ஒரு தன்மைய ஆக்கிக் காட்டும் இவ்வடை சாலப் பொருத்தமுடையது.

அந்நகரத்துப் பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிக்கின்றன. மகத வேந்தன் அளித்தது அம்மண்டபம் என்பது இளங்கோவடிகள் வாய்மொழி. சாத்தனாரோ விழா அறையும் முரசறைவோன் வாயிலாக அவ்வரங்கின் ஒழுக்கத்தையே வகுத்து விடுகின்றார். தத்தம் சமயப் பொருளை நிலைநாட்டவல்லார் முறையறிந்து மண்டபம் ஏறுக என்றும், பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் முரசு அறிவிக்கின்றது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்மண்டபத்தில் வாதிப்போர்க்கு விடைத்தாள் கையில் வைத்திருக்கும் நடுவர் ஒருவர் இருந்தார் என்ற குறிப்பு யாண்டும் இல்லை. ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றே சோதித்தது. அக்காப்பியத்தின் பிற்பகுதியில், வஞ்சிமாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கை யாதெனக் கேட்கின்றாள். கேட்பவள் இளையள், கேட்கப்படுவோர் ஆசிரியர். அவள் அறியவேண்டிக் கேட்கின்றாள். அவர்களைத் தோற்பித்துப் பரிசில் பெறுதல் அவள் நோக்கமன்று.

ஈண்டு ஒரு சிறு விலகல் பொறுத்தருளத் தக்கது. காவிரிப்பூம்பட்டினம் என்றவுடன், பெயரொப்புமை பற்றிக் கிருட்டிணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் நினைவுக்கு வரும். முன்னது காவிரி கடலொடு கலக்குமிடத்துப் புகார். பின்னது கன்னட நாட்டு எல்லையை அடுத்த மேட்டுநிலத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ள பேரூர். 1767ஆம் ஆண்டு முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர்க்கும் ஐதர் அலிக்கும் இடையே கைமாறிய ஊர். நல்லாசிரியர் கொடி உயர்த்திய நகர் எது என்று வினவி, நான்கு விடைகளுள் ஒன்றாகக் காவேரிப்பட்டினம் எனக் குறித்துவிட்டால், விரைந்து விடையளிப்போர் பலர் இடறுவர். இடறச் செய்தலே அவ்வினாவின் நோக்கம். இனி, அவ்வூர்ப் பள்ளியில் ஒரு மாணவி எழுந்து, தென்பெண்ணைக் கரையிலுள்ள நம்மூர்க்குக் காவேரியின் பெயர் எவ்வாறு வந்தது என்று ஆசிரியரைக் கேட்பாளாயின், அதுவும் வினாவே. முன்னதற்கு விடை ஒரு நொடியில் அமையும். பின்னதற்குக் கல்வெட்டும் நிலவரிக் கணக்கும் ஊர்வழக்கும் தேடிச் செல்லவேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரை கருதும் பொருள்.

பவணந்தி முனிவர் இவ்வேறுபாட்டை இரு சொற்களில் வைத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா ஆறு என்பது நன்னூல். ஆசிரியன் தான் பொருள் அறிந்திருந்தும் மாணாக்கன் அறிந்தானோ எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை அறியவேண்டி ஆசிரியனைக் கேட்பது அறியாவினா. சொற்றொடர் இரண்டற்கும் ஒன்றாகவே இருத்தல் கூடும். கேட்போனுடைய உள்ளமே வேறுபடுத்துகின்றது. நன்னூல் செய்வித்த சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் குறுநில வேந்தன். குவளாலபுரமாகிய கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன். இன்று ஒசூர்க்கும் கிருட்டிணகிரிக்கும் அண்மையிலுள்ள அந்நிலம் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்குவது. ஒரு சொல்லைக் கேட்டு, இஃது எம்மொழிச் சொல் என வினவாமல் அங்கு வாழ்தல் அரிது. எல்லைப்புறத்து மரபினனாகிய ஒருவன் வேண்டுகோளால் எழுந்த நூல் வினாவின் வகைகளை இத்துணைத் தெளிவாக வகுத்தமை இன்புறற்பாலது.

அந்நூற் பாயிரம் கல்வியின் அளவைப் பகுத்துரைக்கும் இடமும் நோக்கத்தக்கது. ஆசான் உரைத்ததை அமைவரக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதனால் நிரம்பும் என்பது அதன் கருத்து. வினாப் போட்டிகளில் ஆசிரியர் பலர் சிறந்து விளங்குவதன் காரணம் இவ்வரைப்பங்கே எனலாம். ஆண்டுதோறும் ஒன்றையே உரைத்து உரைத்து நினைவில் ஊன்றியவர் அவர். ஆயின் அவ்வரைப்பங்கு உரைத்தலால் மட்டும் வந்ததோ? உரைக்குங்கால் மாணாக்கர் எழுப்பும் அறியாவினாக்களால் வந்த பகுதியே பெரிது என்று கற்பித்தலில் பழகினார் அறிவர்.

பொருட்பரிசில் வைத்து வினவும் முறைக்கும் நம்மிடம் பழைய கதை உண்டு. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் பாண்டியன் தன் உள்ளத்தில் ஓர் ஐயம் கொண்டு, அதனை வாய்விட்டுக் கூறாமல், தன் கருத்தை அறிந்து பாடுவார்க்கு உரியதெனப் பொற்கிழியைச் சங்க மண்டபத்தில் தூக்குவிக்கின்றான். மகளிர் கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்பதே அவ்வையம். இன்றைய வினாப் போட்டியின் இலக்கணம் முழுதும் இங்கே அமைந்து கிடக்கின்றது. வினவுவோன் உள்ளத்தில் இருப்பதை ஊகித்தலே வெற்றி. பொருள் கண்முன் தொங்குகின்றது. தருமி கொணர்ந்த பாடல் வேந்தன் உள்ளத்துக்கு ஒத்தது. பரிசிலும் அளிக்க இசைந்தான். இன்றைய அரங்காயின் கதை அவ்விடத்தே முடிந்திருக்கும். நக்கீரர் எழுந்து பொருட்குற்றம் கூறியமையால் அன்றோ அது கதையாயிற்று! வினவிய வேந்தன் ஏற்ற விடையையும் புலவர் அவை ஏற்கவேண்டுவதில்லை என்ற கொள்கை அக்கதையின் உயிர். பாடியவன் இறைவனேயாயினும் தடை எழுப்பும் உரிமை மறுக்கப்படவில்லை. அதன் பயனாக நக்கீரர் துன்புற்றார் என்பது வேறு செய்தி.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவதானம் என்னும் கலை தமிழகத்தில் பெரிதும் போற்றப்பட்டது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) 1907ஆம் ஆண்டு சென்னையில் நூறு செயல்களை ஒருங்கு நிகழ்த்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். சதுரங்கம் ஆடுதல், முதுகில் எறியும் கற்களை எண்ணுதல், கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டு முடித்தல், இலக்கண ஐயம் களைதல் ஆகியன அவதானத்தில் அடங்கும். இவற்றுள் பல வெறும் நினைவாற்றல் என்று கழிக்கலாம். எனினும் ஈற்றடி கொடுப்பவர் அவையிலுள்ள எவரும் ஆகலாம். கொடுத்தவர்க்கும் பாட்டு எவ்வாறு முடியும் என்பது தெரியாது. ஆகவே அஃது அறிவினா அன்று. வினவியவரும் விடையை எதிர்நோக்கி வியந்திருந்தனர்.

தொலைக்காட்சி வினா அரங்கு இதனின் முற்றும் வேறுபட்டது. அங்கு விடை முன்னரே எழுதப்பட்டு ஓரிடத்தில் வைக்கப்படுகின்றது. எழுதப்பட்ட விடையைக் காப்போர் நேர்மை தவறின் அரங்கு முழுதும் பொய்யாகிவிடும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஓர் ஆசிரியரே என்பது வருந்தத்தக்கது. நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயிற்றுவித்த சார்லசு வான் டோரன் 1956ஆம் ஆண்டின் இறுதியில் 'இருபத்தொன்று' என்னும் வினா நிகழ்ச்சியில் தோன்றினார். அவர் தந்தையார் மார்க்கு வான் டோரனும் அப்பல்கலைக்கழகப் பேராசிரியர். பெயர் பெற்ற கவிஞர். ஒலிபுகாக் கண்ணாடிக் கூண்டில் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்தவாறு, நெடிது சிந்தித்து அவர் விடை கூறும் காட்சியைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். அவர்க்கு முன் வெற்றி பெற்று வந்த எர்பர்ட்டு இசுட்டெம்பல், தாம் நன்கறிந்த எளிய வினா ஒன்றுக்கு வேண்டுமென்றே தவறான விடை கூறித் தோற்குமாறு பணிக்கப்பட்டார். 1955ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படம் எது என்பது அவ்வினா. 'மார்ட்டி' என்ற விடை அவர் நாவில் இருந்தது. அதனை விழுங்கிப் பிறிதொரு பெயரைக் கூறினார்.

வான் டோரன் 1957 மார்ச்சுத் திங்கள் வரை வென்று, 129,000 தாலர் பெற்றார். நாடு அவரைக் கற்றோரின் புகழ்முகமாகக் கொண்டாடியது. 1959 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன், வினாக்களும் விடைகளும் தமக்கு முன்னரே தரப்பட்டன என்பதை ஒப்புக்கொண்டார். ஆசிரியப் பணியை இழந்தார். 1960இல் இத்தகைய போட்டிகளில் வஞ்சம் புரிதலைக் குற்றமாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. கல்வியும் ஆசிரியரும் மதிக்கப்பட இந்நிகழ்ச்சி உதவும் என்று கூறியே தம்மை இசைவித்தனர் என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. அவரைப் பழிப்பார் பலர். எமக்கோ இவ்விளக்கமே ஆழ்ந்து ஆராய்தற்குரியதாகத் தோன்றுகின்றது. விடைகளை முன்னரே பெற்றவர் அரங்கில் நடித்தது எதனை? சிந்தித்தலை. விடை அறிந்திருந்தும் அறியாதான் போல நெற்றியைச் சுருக்கி, தடுமாறி, பின் கண்டடைந்தான் போல் முகம் மலர்தல் அவர்க்குக் கற்பிக்கப்பட்டது. மக்கள் காண விழைந்தது விடையை மட்டுமன்று. அறியாமையினின்று அறிவுக்குச் செல்லும் வழியையும் கண்டு மகிழ விழைந்தனர். வகுப்பறையில் நாள்தோறும் நிகழ்வது அதுவே. அவ்வரங்கு அதனை நிகழவிடாமல், நிகழ்வதுபோற் காட்டிற்று.

இவ்விழிவுக்குப் பின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினா நிகழ்ச்சிகள் ஐயத்துக்கு உள்ளாயின. அந்நிலையில் மெர்வு கிரிப்பின் என்பார், விடையை முன்னரே கொடுத்தமையால் அன்றோ பழி வந்தது, அவ்வாறாயின் விடையையே வெளிப்படையாகக் கொடுத்து வினாவைக் கேட்போம் எனத் தம் மனைவியார் கூறிய குறிப்பைக் கொண்டு, 1964 மார்ச்சு 30ஆம் நாள் 'சியோப்பர்டி' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். அரங்கில் விடைக்குறிப்பு காட்டப்படும். போட்டியாளர் அதற்குரிய வினாவைக் கூறவேண்டும். வினா வடிவில் கூறாவிடின் சரியான விடையும் ஏற்கப்படாது. இந்நிகழ்ச்சியே 2011இல் பள்ளி ஆசிரியர் பதினைவரைத் தெரிந்து, இரு கிழமைகள் நடைபெறும் தொடர்போட்டியை வகுத்தது. பரிசில் 100,000 தாலர். வட கரோலினாவைச் சேர்ந்த ஒக்கரக்கோக்கு என்னும் சிறு தீவின் பள்ளியில் ஆங்கிலம் பயிற்றும் சார்லசு டெம்பிள் அம்முதற் போட்டியில் வென்றார். வான் டோரனும் ஆங்கில ஆசிரியர், இவரும் ஆங்கில ஆசிரியர்; பெயரும் ஒன்று. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

வினா எதிர் வினாதலையும் விடையாகக் கொள்வது நன்னூல் நெறி. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடை பயப்பன. 'இது செய்வாயோ?' என்பார்க்குச் 'செய்யேனோ?' என்று கூறுவது வினாவாயினும் விடையே. மேற்கூறிய அமெரிக்க அரங்கில் போட்டியாளர் கூறுவது வடிவால் வினா, பொருளால் நேர்விடை. வினாவின் தோல் போர்த்த விடை என்று அதனைக் கூறலாம். எட்டு வகை விடைகளுள் எஞ்சியவற்றுக்கு அங்கு இடமில்லை. 'நீவிர் வினவியதே பொருந்தாது' என்று கூற நினைக்கும் ஆசிரியர் வாய்திறக்குமுன் நேரம் முடிந்துவிடும்.

நம் நாட்டில் பொதுமக்கள் பங்குகொள்ளும் வினாடி வினாவை முதலிற் பரப்பியவராக நீல் ஓ பிரையன் போற்றப்படுகின்றார்; அவர் கல்கத்தாவில் முதற் போட்டியை நடத்திய ஆண்டு 1967. 1985இல் சித்தார்த்த பாசு தூர்தர்சனில் கல்லூரி மாணவரைக் கொண்டு 'குவிசு டைம்' நடத்தினார். 2000 சூலை 3ஆம் நாள் அமிதாபு பச்சன் தலைமையில் இந்தியில் 'கௌன் பனேகா குரோர்பதி' தொடங்கியது. ஆங்கில நாட்டில் 1998இல் தோன்றியதொரு நிகழ்ச்சியின் வழிவந்தது அது. தமிழில் சரத்குமார் நடத்திய 'கோடீசுவரன்' அதனைத் தொடர்ந்து வந்தது. 2012இல் தமிழில் சூரியாவும் கன்னடத்தில் புனீத்து ராசுகுமாரும் அவ்வமைப்பையே நடத்தினர். காவேரிப்பட்டினம், ஒசூர் போன்ற எல்லைப்புறத்து இல்லங்களில் ஓராண்டில் ஒரே அமைப்பை இரு மொழியிலும் காணும் வாய்ப்பு இருந்தது. மொழி மாறினும் இருக்கையும் இசையும் நான்கு விடைகளும் மாறவில்லை.

நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரியச் சொல்வது பார்வைக்கு ஐயவினா. குற்றியோ மகனோ என்பது போன்றது. ஐயம் போட்டியாளர்க்கே உரியது, வினவுவோர்க்கு இல்லை. எனவே அது ஐயவினாவின் உடை அணிந்த அறிவினா. ஒரு கோடி தருவதால் கொடைவினா எனலாமோ எனின், விளம்பரம் கொள்ளும் நிறுவனத்தை நோக்கக் கொளல்வினா என்பதே பொருந்தும். பருப்பு உளதோ என வணிகரைக் கேட்பது போன்றது அது. நகைக்காகக் கூறினோமாயினும் இதில் உண்மை இல்லாமலில்லை.

இவ்விந்தி அரங்கில் 2020இல் சத்தீசுகட்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை அனுபா தாசும், 2021இல் ஆக்ராவின் கேந்திரிய வித்யாலயக் கணித ஆசிரியை இமானி புந்தேலாவும் ஒரு கோடி உருபா வென்றனர். பின்னவர் 2011இல் ஒரு விபத்தின் விளைவாகக் கண்பார்வை இழந்தவர். எழுத்தைக் காணாது, செவியால் மட்டும் வினாவையும் நான்கு விடைகளையும் ஏற்று, உள்ளத்தில் நிறுத்தி ஒப்பிட்டு அவர் வென்றமை கேள்வியாற் பெறும் அறிவின் ஆற்றலுக்குச் சான்று. கேள்வி என்ற சொல் வினாவையும் செவிவழிக் கல்வியையும் ஒருங்கு குறிக்கும் மொழியினராகிய நாம் அதனை எளிதில் உணர்வோம்.

ஏழு கோடிக்குரிய வினாவில் அவர் விடை கூறாது விலகினார். இலண்டன் பொருளியற் பள்ளிக்கு அளித்து 1923இல் அம்பேத்கர் முனைவர்ப் பட்டம் பெற்ற ஆய்வேட்டின் பெயர் யாது என்பது வினா. 'உருபாவின் சிக்கல்' என்பது விடை. ஏனைய மூன்றனுள் 'இந்தியாவின் தேசிய ஈவு' என்பதும் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வின் பெயரே. ஆய்வு மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வெள்ளி விலை வீழ்ந்தபின் இந்திய நாணயம் ஏன் நிலைகுலைந்தது, பொன்மாற்று முறை ஏழையர்க்கு நலமோ தீதோ என்பன அம்பேத்கரின் வினாக்கள். 1913இல் கெயின்சு அம்முறையை ஆதரித்து எழுதியிருந்தார். அதனை மறுத்து அம்பேத்கர் எழுதினார். அவர்தம் ஆசிரியர் எட்வின் கேனன் நூலுக்கு முன்னுரை வழங்கினார். மாணாக்கரின் வாதங்களுட் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை அம்முன்னுரையிலேயே எழுதி, அதன் புதுமையைப் பாராட்டினார். விடையில் உடன்படாத ஆசிரியர் அந்நூலை வாழ்த்தி முன்னிறுத்துகின்றார். அறியாவினாவாய்ப் பிறந்து பல ஆண்டு உழைப்பால் நூலாகியதொன்று, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அரங்கில் ஒரு தலைப்பாய்ச் சுருங்கி அறிவினா ஆயிற்று. உள்ளிருந்த வாதம் வெளியே நின்றது. நாம் எழுதும் ஆய்வேடுகளும் இந்நிலை எய்தக்கூடும். தலைப்பேனும் நினைக்கப்படின் நன்றே என்று மகிழ்வாரும் நம்முள் உளர்.

தமிழகத்தில் ஆசிரியர்க்கெனவே நிகழ்ந்த போட்டி அண்மையது. குமரிமுனையில் 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவை ஒட்டி, தமிழ்நாட்டரசு 2024 திசம்பரில் அரசு அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும் மாநில அளவில் திருக்குறள் வினாடி வினா நடத்தியது. மாவட்டங்களில் முதனிலைத் தேர்வும் விருதுநகரில் இறுதிப் போட்டியும் நிகழ்ந்தன. தொலைக்காட்சி அரங்கின் வடிவம் பள்ளி ஆசிரியர்தம் திருக்குறட் பயிற்சிக்கே வந்து சேர்ந்தமையை இது காட்டுகின்றது. பல ஆசிரியர் ஒரு நூலை மீண்டும் எடுத்து முற்றும் ஓத நேர்ந்தமை பெரும்பயன்; இதனைக் குறைகூறுவார் எவரும் இலர்.

ஆயினும் திருக்குறளை இம்முறையில் வினவுங்கால் வினா எழுதுவோர் கருதவேண்டுவன சில உள. முதற் பதிப்பு எந்த ஆண்டு எனின் 1812 என்று கூறி முடிக்கலாம், அதில் வழக்கில்லை. இக்குறள் எத்தனையாவது குறள் என்று வினவின், விடை பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைப் பற்றியே அமையும். மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துள்ளேயே குறள்களின் முறை மாறுபடக் காண்கின்றோம். பாடமும் சிலவிடத்து வேறுபடும். பொருளோ பலவிடத்து வேறுபடும். மணக்குடவரைக் கற்று அவ்வழியே விடையிறுக்கும் தமிழாசிரியர் ஒருவர்க்கு விடைத்தாள் பிழை என்று மதிப்பெண் மறுக்குமாயின், தவறியவர் யார்? எவ்வுரையை அடியொற்றி வினா அமைந்தது என்பதனை வினாவிலேயே குறித்தல் முதலாவது வேண்டுவது. விடை அறிவித்தபின் தடை கூறுதற்கென ஒரு சிறுபொழுதை ஒதுக்கி, தடை கூறுவோர் சான்று காட்டின் அதனை அவையறிய ஆராய்ந்து மதிப்பெண் வழங்குதல் இரண்டாவது. மாவட்டப் போட்டிகளுக்கு வினாத்தொகுக்கும் பொறுப்பு இனித் தமிழ்த்துறைகளுக்கு வருமாயின், ஒவ்வொரு வினாவின் எதிரிலும் விடையோடு, அவ்விடையை மறுக்கும் உரை உளதாயின் அதன் பெயரையும் எழுதிவைத்தல் கூடும். பதின்மர் உரைகளுள் இன்று கிடைப்பனவற்றை ஒருங்கு வைத்துக்கொண்டு அப்பணியைச் செய்ய முதுகலை மாணவர் இருவர் ஒரு திங்கள் உழைத்தல் போதும்.